கெட்டிமேளத்துக்கு அடியில்

தாலி கட்டுகிற நேரத்தில் மட்டும் எதற்காக அத்தனை சத்தமாக மேளம் கொட்டுகிறார்கள் என்று கேட்டால், நம் ஊரில் சின்னப் பிள்ளைகூடப் பதில் சொல்லிவிடும். கூட்டத்தில் எவனாவது தும்முவான், எவனாவது "போச்சுடா" என்பான், எங்கோ ஒரு குழந்தை வீல் என்று அலறும். அந்த அபசகுனம் எதுவும் மணமக்கள் காதில் விழுந்துவிடக் கூடாது. ஐயர் விரலைச் சுழற்றி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்பார். தவில்காரர் வரிந்துகட்டிக்கொண்டு அடிப்பார். அந்த அரை நிமிஷம் மண்டபத்தில் யார் எதைச் சொன்னாலும் அது சொல்லாததற்குச் சமம். தலைமுறை தலைமுறையாக இந்த ஏற்பாடு ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது. பிரிப்பான் என்றொரு மிஷின் வந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

சினிமாப் பாட்டிலிருந்து பாடகரின் குரலை மட்டும் உருவி எடுக்கிற வித்தை புதிதல்ல. பாடகரை எடுத்துவிட்டால் வெறும் வாத்தியம் மிஞ்சும். அந்த இடத்தில் நம்ம மச்சான் ஒருத்தர் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடிய விடியக் கழுத்தை அறுப்பார். அதனால் விளைந்த கேடு அவ்வளவுதான். ஆனால் பிரிப்பான் அதற்கெல்லாம் மேலே போயிற்று. எந்தச் சத்தக் குப்பையைக் கொடுத்தாலும் இழை இழையாகப் பிரித்துக் கையில் கொடுத்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதில் தன் கல்யாண வீடியோக் கேசட்டைப் போட்டு, கெட்டிமேளத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டிருக்கிறான்.

அப்புறம் கேட்க வேண்டுமா! சிவகாசியில் ஒரு சம்பந்தி இருபத்தாறு வருஷம் கழித்து, "இந்த மூஞ்சிக்கு இதுவே அதிகம்" என்று தன்னைப் பற்றி மாப்பிள்ளை வீட்டார் மேடையிலேயே பேசியிருப்பதைக் கேட்டுவிட்டு, சொந்த மகள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணினார். ஒரு மாப்பிள்ளை மூன்று முடிச்சு போடும்போதும் வேறொரு பெயரை முணுமுணுத்தது வெளியே வந்து, குடும்ப நீதிமன்றம்வரை போயிற்று. புதுக் கல்யாணங்களில் ஜனங்கள் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அட்சதை போடத் தொடங்கினார்கள். கடைசியில் அரசாங்கம் ஓர் ஆணை போட்டது. மணையில் உட்கார்ந்த இரண்டு பேர் சேர்ந்து கேட்டால்தான் மேளத்தைப் பிரிக்கலாம். ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழோடு மற்றவர் வரலாம்.

இந்திராணி அந்தச் சான்றிதழோடுதான் வந்திருந்தாள்.

விருதுநகர் பஜாரில் மாடியிலிருந்தது கார்குழலியின் பிரிப்பான் கடை. முப்பத்தைந்து வயதிருக்கும் அவளுக்கு. வாடிக்கையாளரிடம் அதிகம் சிரிக்க மாட்டாள், அந்தத் தொழிலுக்கு அதுதான் நல்லது. இந்திராணி பையிலிருந்து கேசட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உறைமேல் அட்டைப்பூவும் கல்யாணத் தேதியும் இரண்டு பெயரும் இருந்தன: சங்கரபாண்டியன், இந்திராணி.

"எப்ப இறந்தாரும்மா?"

"எட்டு மாசமாச்சு தாயி. வைகாசில."

"யாரு என்ன பேசுனாங்கன்னு தெரிஞ்சுக்கணும்? மாமியாரா, நாத்தனாரா?"

"எங்க வீட்டுக்காரரு பேசுனதத்தான். தாலி கட்டும்போது குனிஞ்சு என்கிட்ட ஏதோ சொன்னாக. மேளத்துல ஒண்ணும் கேக்கல. நான் பாட்டுக்குத் தலைய ஆட்டிட்டேன்."

கார்குழலி நிமிர்ந்து பார்த்தாள். "முப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவகூடக் கேக்கலையா?"

"கேக்காம இருப்பேனா? 'அதுக்குத்தான் அன்னைக்கே தலையாட்டிட்டியே' அப்படிம்பாக. சிரிப்பாக. அத்தோட சரி."

சொன்னது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியை இந்திராணி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, பெற்ற மகளிடம்கூட.

இருபத்தோரு வயதில் அவளுக்கு மதுரையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. கடிதம் வந்த வாரத்திலேயே அவள் அப்பா மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்த சங்கரபாண்டியனைப் பேசி முடித்துவிட்டார். கடிதம் என்ன ஆனது என்று தெரியாது. அவள் அழுதாள், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள், ஒன்றும் நடக்கவில்லை. முகூர்த்தத்தன்று மணையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். "கெட்டிமேளம்" என்று ஐயர் கையைத் தூக்கியதும் தவிலும் நாகசுரமும் கூரையைப் பிய்த்தன. இப்போது என்ன சொன்னாலும் யாருக்கும் கேட்காது என்று அவளுக்குத் தோன்றியது. வாயைத் திறந்து, தொண்டை வலிக்க, "எனக்கு வேணாம்! எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்!" என்று கத்தினாள்.

ஒருத்தரும் திரும்பவில்லை. எதிரே நின்ற அவள் அம்மா சிரித்த முகத்தோடு குலவை போட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் தாலியோடு குனிந்திருந்தவரின் கை மட்டும் ஒரு நொடி நின்றதுபோல் அவளுக்குப் பட்டது. பிறகு அவர் அவள் காதோரம் வந்து ஏதோ சொன்னார். பயத்தில் அவள் தலையை ஆட்டிவிட்டாள்.

கேட்டிருப்பாரா? முப்பத்தோரு வருஷமாக அவளைக் குடைந்த கேள்வி அதுதான். கேட்டிருந்தால், தன்னை வேண்டாம் என்று கத்திய ஒருத்தியோடு மனுஷன் ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் எப்படி வாழ்ந்தார்? கேட்கவில்லை என்றால் நிம்மதி. அவர் சொன்னது என்னவென்று தெரிந்துவிட்டால், கேட்டாரா இல்லையா என்பதும் தெரிந்துவிடும். அதற்காகத்தான் இந்த மாடிப்படி ஏறி வந்திருக்கிறாள்.

இன்னொரு காரணமும் உண்டு. சங்கரபாண்டியன் போனில் "ம்", "வரேன்" என்ற இரண்டுக்குமேல் பேசாதவர். வாட்ஸப்பில் குரல் அனுப்பச் சொன்னால், "கம்பத்துல நிக்கேன்" என்று வைத்துவிடுவார். அவர் போன பிறகுதான் அவர் குரல் எதிலுமே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. பெங்களூரிலிருக்கும் மகள், "அம்மா, அப்பா ஏதாவது கெட்டதாச் சொல்லியிருந்தா என்ன பண்ணுவ? வேணாம்மா, விட்டுரு" என்றாள். "கெட்டதாவே இருக்கட்டும்டி. அவுக குரல்தான அது" என்றாள் இந்திராணி.

கார்குழலி கேசட்டை ஏற்றினாள். திரையில் கோடுகோடாகப் படம் வந்தது. அந்தக் காலத்து வீடியோக்காரர்களின் வழக்கப்படி மேலே ஒரு சினிமாக் காதல் பாட்டை ஓட்டியிருந்தார்கள். மாலையும் கழுத்துமாக இருந்த இரண்டு பேரைச் சுற்றி இதய வடிவத்தில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டிருந்தது.

"பாவி, தாலி கட்டுறப்பகூட விடல பாருங்க" என்றாள் கார்குழலி. "பாட்டு வேற, மேளம் வேற. ரெட்டப் பூட்டு."

"அத எப்படித் தாயி பிரிக்கும்?"

"வீட்டுல டிவி ஓடுது, மிக்ஸி ஓடுது, வாசல்ல வண்டிக்காரன் கத்துறான். அத்தனைக்கும் நடுவுல உங்க பிள்ள அழுதா உங்களுக்கு மட்டும் கேக்குதுல்ல? அந்தக் காதை மிஷினுக்குப் பழக்கியிருக்காங்க. இது நாகசுரம், இது மனுசக் குரல்னு லட்சக்கணக்குல கேக்க வச்சுப் பழக்கிருக்காங்க. ஒவ்வொண்ணாக் கழட்டி ஓரமா வச்சுக்கிட்டே வரும்."

"எதையும் அழிச்சிராதுல்ல?"

"அழிக்காது. எப்ப வேணும்னாலும் திரும்பச் சேத்துக்கலாம்." கார்குழலி கொஞ்சம் தயங்கினாள். "ஆனா அம்மா, கேட்டுட்டா கேக்காத மாதிரி இருக்க முடியாது. எல்லாருக்கும் நான் இதைச் சொல்லிருவேன். என் கல்யாண வீடியோ இந்த மேஜைக்குள்ளதான் கெடக்கு. இத்தன வருசத்துல நான் ஒரு தடவகூடப் போட்டதில்ல."

இந்திராணி கழுத்துத் தாலிச் சங்கிலியைக் கையால் பிடித்துக்கொண்டாள். அவர் போனபின்பும் அவள் அதைக் கழற்றவில்லை. சொந்தக்காரிகள் ஜாடைமாடையாகப் பேசிப் பார்த்தார்கள், நேரிடையாகவும் பேசிப் பார்த்தார்கள். "என் கழுத்து, என் சங்கிலி, உங்களுக்கு எங்க உறுத்துது?" என்று ஒரே போடாகப் போட்டாள். உண்மையில் அதில் கடைசியாகப் பட்டது அவர் விரல். அதனால்தான் கழற்ற மனம் வரவில்லை.

அது ஆஸ்பத்திரியில் நடந்தது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட நிலையில் படுத்திருந்தார். அன்றைக்குக் கல்யாண நாள் வேறு. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் காலைக் காப்பியை வாங்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார்: "இந்திரா, எதுவும் சொல்லணுமா?" அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "என்னத்தச் சொல்ல? ஒண்ணுமில்ல" என்பாள். உடனே மனுஷனுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு குஷி வருமோ, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அரைக் கிலோ பால்கோவாவும் மல்லிகைப்பூவும் வாங்கிக்கொண்டு வருவார். சரியான கிறுக்கு என்று அவள் நினைத்துக்கொள்வாள். அன்றைக்கும் கேட்டார். ஊசி குத்திய கை வீங்கியிருந்தது, நர்சைக் கூப்பிட்டால் வரவில்லை, மருந்துச் சீட்டு ஒன்றைக் காணோம். அவள் இருந்த எரிச்சலில், "ஆமா, மூட்டை மூட்டையாக் கெடக்கு! வீட்டுக்கு வாங்க, மொத்தத்தையும் சொல்லுறேன்" என்றாள்.

அவர் வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தார். "சரி இந்திரா" என்றார். பிறகு வீங்கிய கையைத் தூக்கி, அவள் பிடரியில் சங்கிலிக் கொக்கி இருக்கும் இடத்தைத் தடவினார். "ஆத்தாடி, ஆஸ்பத்திரில வச்சு என்ன வேலை இது! எல்லாரும் பாக்குறாக" என்று வெட்கப்பட்டு அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள். மூன்றாம் நாள் போய்விட்டார். அந்தத் தொடுகையைத்தான் எட்டு மாதமாக எடுத்து எடுத்துப் பார்த்து உயிரோடு இருக்கிறாள்.

"போடு தாயி" என்றாள்.

"சட்டப்படி நான் கேக்கக் கூடாதும்மா. ஹெட்போனைக் காதுல மாட்டிக்கோங்க."

"வேணாம். எனக்குத் தனியாக் கேக்கப் பயமா இருக்கு. நீயும் கூட இரு."

கார்குழலி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். முதலில் பாடகரின் குரல் போயிற்று. பிறகு பாட்டின் வயலின்கள், டிரம்ஸ் எல்லாம் போயின. மண்டபம் அப்படியே காதில் வந்து இறங்கியது. நாகசுரம் போனதும் தவில் மட்டும் வெறும் இடியாக நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக அதுவும் தேய்ந்தது. மேளம் கொட்டிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது ஜனங்களின் பேச்சு கேட்டது. "ஏ, அட்சதையைத் தலைல போடுங்கப்பா, கண்ணுல எறியாதீக", "சாம்பார்ல உப்பு பாத்தியா?" என்று யார் யாரோ. அவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை.

"குலவைச் சத்தம் ஒண்ணு ஓரமா வருது. அதையும் எடுத்துரவா?"

"அது எங்கம்மா." இந்திராணி கையைக் காட்டித் தடுத்தாள். "கொஞ்சம் ஓடட்டும்."

ஓடியது. எவ்வளவு சந்தோஷமாகப் போட்டிருக்கிறாள் அம்மா! அதைக் கேட்டு முடித்து, அவள் தலையசைத்த பிறகுதான் கார்குழலி குலவையை எடுத்தாள்.

திடீரென்று ஒரு பெண்ணின் குரல் அறையைக் கிழித்தது. "எனக்கு வேணாம்! எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்!"

கார்குழலி தூக்கிவாரிப்போட்டதுபோல் நிறுத்தினாள். "யாரும்மா அது?"

"நாந்தான்."

கார்குழலி எழுந்து ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இந்திராணி அதைத் தொடவில்லை. இத்தனை தெளிவாகவா கத்தியிருக்கிறோம் என்று அவளுக்கு உடம்பு கூசியது. கேமராவுக்கே இவ்வளவு கேட்டிருந்தால், ஒரு சாண் தள்ளி இருந்த காதுக்கு எப்படிக் கேட்காமல் இருந்திருக்கும்?

"கேட்டிருக்காக" என்றாள் மெல்ல. "கேட்டுத்தான் இருந்திருக்காக. மேல போடு."

கார்குழலி திரையைப் பார்த்தாள். "அவரு குரல் இருக்கும்மா. ரெண்டு எடத்துல தவில் அடி நேரா அவரு பேச்சு மேலயே விழுந்துருக்கு. அந்த எடத்துல என்ன சொல்லியிருப்பாருன்னு மிஷின் யூகம் பண்ணி, அவரு குரல்லயே நிரப்பிக் குடுக்கும். நிரப்பவா?"

"வேணாம். மிஷினுக்கு என் வீட்டுக்காரரத் தெரியுமா? அவுக சொன்னது மட்டும் போதும்."

ஓட்டினாள். முதலில் மூச்சு வந்தது. பிறகு, முப்பது வயதுகூட ஆகாத ஒரு ஆளின் குரல், கொஞ்சம் நடுங்கிக்கொண்டு வந்தது.

"இந்திரா... தளத்தித்தான் போட்டுருக்கேன்... எப்ப வேணாம்னு தோணுனாலும்... ஒரு வார்த்த சொல்லு. நானே அவுத்து விட்டுருறேன். சரியா?"

திரையில் இருபத்தோரு வயது இந்திராணி தலையை ஆட்டினாள்.

முதலில் இந்திராணிக்கு ஏனோ சின்ன விஷயம்தான் ஞாபகம் வந்தது. மூன்றாம் மாதம் தாலி பிரித்துக் கோர்த்தபோது அவள் அத்தை மஞ்சள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "கம்பத்துல ஏறுறவன் போட்ட முடிச்சாடி இது? ஒரு இழுப்புல வந்துருச்சு!" வீட்டில் ஒரு திருகாணி ஆடினால் தூங்காத மனுஷன் அவர். "லூசா விட்டா எரிஞ்சிரும்" என்று எதையும் இறுக்கிவிட்டுத்தான் நகர்வார். அவர் தளர்த்திப் போட்டது வாழ்க்கையில் அந்த ஒரு முடிச்சைத்தான்.

அதற்குப் பிறகு பால்கோவா ஞாபகம் வந்தது. அரைக் கிலோ, முப்பது வருஷம். 'எதுவும் சொல்லணுமா?' என்று கையில் காப்பியோடு அவர் நின்ற நிலை. ஒவ்வொரு வைகாசியிலும் மனுஷன் வாக்குத் தவறாமல் வந்து நின்றிருக்கிறார். அவள் முகத்தைக்கூடத் திருப்பாமல் 'ஒண்ணுமில்ல' என்று சொல்லி இன்னொரு வருஷத்தைக் கொடுத்திருக்கிறாள். அதற்குத்தான் அந்தக் குஷி. என்ன கேட்கிறார் என்று தெரிந்திருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருப்பாளே!

அப்புறம் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. அவள் கை தானாகப் பிடரிக்குப் போயிற்று. அங்கே கொக்கி இருந்தது.

"அய்யய்யோ" என்றாள். "தடவிக் குடுக்கலையா... கழட்டத்தான் பாத்தாகளா? அய்யோ, நான் வெளாட்டுக்குல்ல சொன்னேன்! கோவத்துல சொன்னேன் தாயி! வீட்டுக்கு வாங்கன்னு சொன்னேனே, அதைக் கேக்கலையா அவுக?"

கார்குழலிக்கு ஆஸ்பத்திரிக் கதை தெரியாது. ஆனாலும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்திராணி விக்கி விக்கி, முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் சொன்னாள். நான் சொன்னதை நம்பிக்கிட்டே போயிட்டாக, நான் வேணாம்னு சொல்லிட்டேன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாக என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கார்குழலி அவள் முதுகைத் தடவினாள். ஆறுதலாக ஒரு பொய் சொல்லலாமா என்று யோசித்து, வாயை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் வேறொரு வழி சொன்னாள். "அம்மா, இன்னொரு மிஷின் இருக்கு. அவரு குரல் இவ்வளவு கெடச்சாப் போதும். நீங்க பேசுனா அவரு பதில் பேசுற மாதிரி பண்ணலாம். ஊர்ல நெறையப் பேரு பண்றாங்க. நீங்க சொல்ல நெனச்சதச் சொல்லிரலாம். அவரு கேட்டுக்கிட்டாருன்னு..."

"அதுவும் யூகந்தான?"

"யூகந்தாம்மா."

இந்திராணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். திரையில் அவர் குனிந்தபடி நின்றுபோயிருந்தார். முடி கருகருவென்று இருந்தது, காதுக்குப் பின்னால் ஒரு அட்சதை அரிசி ஒட்டியிருந்தது. தட்டிவிட வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

"கழட்டுனதை எல்லாம் திரும்பச் சேக்கலாம்னு சொன்னேல்ல?"

"சேக்கலாம்."

"எல்லாத்தையும் சேரு. அந்தச் சினிமாப் பாட்டு மட்டும் வேணாம். தவிலு, நாகசுரம், எங்கம்மா குலவை, எல்லாம் வேணும். அன்னைக்கு மாதிரியே இருக்கணும். சத்தமா வையி."

"கீழ்க் கடைக்காரரு சண்டைக்கு வருவாரும்மா."

"வரட்டும், நான் பாத்துக்கிறேன்."

கார்குழலி ஒலியை முழுக்கத் திறந்துவிட்டாள். ஐயர் விரலைச் சுழற்றினார். தவில் இடித்தது, நாகசுரம் உச்சிக்குப் போயிற்று, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சங்கரபாண்டியன் மஞ்சள் கயிற்றோடு குனிந்தார். இந்திராணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு வெகு பக்கத்தில் போனாள். ஒரு கையால் பிடரியில் கொக்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் உதடு அசைந்து நின்றது.

அவளுடைய வாய் அசைவது மட்டும்தான் கார்குழலிக்குத் தெரிந்தது. என்ன சொன்னாள் என்பது மேளத்தில் கேட்கவில்லை.